குதிரை வாங்க முதல் எவ்வளவு ஓடிப் பழக வேண்டும்? வன்னியில் இருப்பவருக்கு ஓர் ஒப்பீடு

வன்னியில் பிறந்த பிள்ளைகள் அதிகம் கண்ட குதிரை, வேட்டைத் திருவிழாவில் சாமி ஏறி வரும் மரக்குதிரைதான். அது உதைக்காது, கடிக்காது, நள்ளிரவில் வயிற்றுக்குத்து வந்து நிலத்தில் உருளாது. அதனாலோ என்னவோ, குதிரை வாங்கும் கதையை எடுக்கிறவர்கள் எல்லோரும் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள். வெள்ளையா, செம்பழுப்பா?

போன வருஷம் என் தங்கச்சியின் மகனும் அப்படித்தான் வந்தான். அக்கராயன் பக்கம் மூன்று ஏக்கர் காணி, அதில் ஒரு ஏக்கர் மேட்டுநிலம் சும்மா கிடக்கிறது. கனடாவில் இருக்கும் தமையன் காசு அனுப்பச் சம்மதித்துவிட்டார். எவ்வளவு ஓடிப் பழகியிருக்கிறாய் என்று கேட்டேன். நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனபோது கிரகரி வாவிக்கரையில் மட்டக்குதிரையில் ஒரு சுற்று. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பொடியன் முன்னால் நடந்தானாம். அவ்வளவுதான்.

“மாமா, மோட்டார் சைக்கிளையும் வாங்கிப்போட்டுத்தானே ஓடப் பழகினனான்?” என்றான்.

சிரித்துவிட்டேன், ஆனால் கேள்வி சிரிக்கிற கேள்வி இல்லை. நான் வளைகுடாவில் ஒரு குதிரை லாயத்தில் ஐந்து வருஷம் வேலை செய்தவன். முதல் ஒன்றரை வருஷம் லத்தி அள்ளினேன், தண்ணீர் சுமந்தேன், குளம்பு துடைத்தேன். அப்புறம்தான் ஏறவிட்டார்கள். அந்த அனுபவத்தை வைத்து, முதல் குதிரைக்கு ஆசைப்படுகிற ஒருவருக்கு இருக்கிற வழிகளை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன். கொழும்பில் இருப்பவருக்கு விடை வேறாக வரலாம். நான் சொல்வது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்து ஆட்களுக்கு.

முதல் வழி மருமகன் சொன்னதுதான், வாங்கிவிட்டுப் பழகுவது. இதற்குச் சாதகமாக ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன். பஸ் ஏறி வகுப்புக்குப் போகத் தேவையில்லை. தினமும் காலையில் ஏறலாம். சின்ன வயதிலிருந்து மாட்டோடு வளர்ந்தவனுக்கு மிருகத்தின் பக்கத்தில் நிற்பதில் பயமில்லை, அதுவும் பெரிய விஷயம். ஆனால் மோட்டார் சைக்கிளை எவ்வளவு பிழையாக ஓடினாலும் அது உங்களிடமிருந்து எதையும் பழகாது. குதிரை பழகும். அங்கேதான் முழுக் கதையும் மாறுகிறது.

ஏறிய புதிதில் எல்லோருக்கும் சமநிலை தவறும். தவறும்போது கை தானாக லகானைப் பிடித்துத் தொங்கும். குதிரையின் வாயில் இருக்கிற இரும்பு இழுபடும். பத்து நாள் இப்படி இழுத்தால் அந்த வாய் மரத்துப்போகும், அல்லது குதிரை தலையைத் தூக்கி அடிக்கப் பழகும். கையால் நில் என்று இழுத்துக்கொண்டே, பயத்தில் இறுகிய காலால் விலாவை நெருக்கிப் போ என்றும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அது குழம்பும், துள்ளும். நீங்கள் பயந்து இறங்குவீர்கள். அடுத்த நாள் அதே வேலி மூலையில் அதே துள்ளல். துள்ளினால் ஆள் இறங்கிவிடும் என்று அதற்கு நீங்களே சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். ஒரு நல்ல குதிரை மூன்று மாதத்தில் கெட்டுப்போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வாங்கியவர் காசுக்காரர், பொறுமைசாலி, கெட்ட மனுசர் இல்லை. அவசரப்பட்டார், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல், பழகாத ஆளின் கையில் எந்தக் குதிரை வந்து சேரும் என்பது. தொடங்குகிறவருக்குத் தேவை பத்துப் பதினைந்து வயதான, உலகத்தைக் கண்டு அலுத்துப்போன, லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் உறுமினாலும் காதை மட்டும் திருப்பிப் பார்க்கிற குதிரை. நன்றாக வைத்திருந்தால் குதிரை 25, 30 வருஷம் வாழும், ஆகவே பதினைந்து கிழமல்ல. ஆனால் அப்படியானதை வைத்திருப்பவர் லேசில் விற்க மாட்டார். மலிவாகக் கிடைப்பது பந்தயத்திலிருந்து கழித்தது. பார்க்க அழகு, கால் நீளம், விலையும் கட்டும். அதற்குப் பழக்கியது என்ன தெரியுமா? லகான் இறுகி, ஆள் முன்னால் குனிந்தால், இன்னும் வேகமாக ஓடு என்று. பயந்துபோன புது ஆள் செய்வதும் அதையேதான்: லகானை இறுக்கிப் பிடிப்பார், முன்னால் குனிந்து பிடரியைக் கட்டிக்கொள்வார். மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

நம் ஊரிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. மாட்டுவண்டிச் சவாரிக்காரர்களைப் பாருங்கள். முதல் நாளே சோடி வாங்கி வண்டியில் ஏறி நாணயக்கயிறு பிடிக்கிறவர் யார்? மாமனுக்கோ பெரியப்பாவுக்கோ பின்னால் நின்று, மாடு குளிப்பாட்டி, தீனி வைத்து, நாலைந்து வருஷம் போன பிறகுதான் கயிறு கைக்கு வரும். அதற்கு யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும் இவன் தயார், இவன் இன்னும் இல்லை என்று. குதிரைக்கு மட்டும் அந்த முறை தேவையில்லை என்று எப்படி நினைக்கிறோம்?

இடையில் ஒன்று. நெடுந்தீவில் குதிரை சும்மா திரிகிறதே, ஒன்றைப் பிடித்துவந்து பழக்கினால் என்ன என்று குறைந்தது மூன்று பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவை போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் வழிவந்த காட்டுக் கூட்டம். தீவில் 2015இல் தேசியப் பூங்காவே அறிவித்துவிட்டார்கள். பிடிக்கிற கதையை விடுங்கள். மனிதக் கை படாத குதிரையைப் பழக்குவது பழக்குகிறவரின் வேலை, பழகுகிறவரின் வேலை இல்லை.

சரி, இரண்டாவது வழி: பத்து வகுப்பு எடுத்துவிட்டு வாங்குவது. இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள், சொல்லிலும் செயலிலும். பத்து மணி நேரத்தில் நடையில் நேராக இருக்கலாம், நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட துள்ளோட்டத்தில், கால் வைக்கிற அங்கவடியில் எழுந்து இருக்கக் கொஞ்சம் வரும். பாய்ச்சல் இரண்டு தரம் பார்த்திருப்பீர்கள். எல்லாமே வேலி போட்ட வட்டத்துக்குள், பாடம் சொல்லிச் சொல்லி மனப்பாடமான குதிரையில், ஆசிரியர் நடுவில் நின்று கத்த. அந்தக் குதிரை உங்கள் சொல்லை அல்ல, ஆசிரியரின் குரலைக் கேட்டு ஓடுகிறது. உங்களுக்கோ நன்றாக வந்துவிட்டது என்று தோன்றும். ஒன்றும் தெரியாதவனுக்கு இருக்கிற பயம்கூட இல்லாமல் போகிற கட்டம் இது. முதல் வழியைவிட இதுதான் ஆபத்து என்பேன்.

மூன்றாவது வழி, வாரம் ஒரு வகுப்பாக ஒரு வருஷம். வெளிநாட்டுக்காரர் பெரும்பாலும் சொல்வது இதைத்தான், ஒரு வருஷமாவது, முடிந்தால் இரண்டு. கணக்கும் சரிதான், வருஷத்துக்கு ஐம்பது மணி நேரம் வரும். ஆனால் முறையாகச் சொல்லிக் கொடுக்கிற இடங்கள் பெரும்பாலும் கொழும்புப் பக்கம். வவுனியாவிலிருந்தே 250 கிலோமீற்றருக்கு மேல், கிளிநொச்சியிலிருந்து 300க்கும் மேல். வெள்ளி இரவு பஸ் ஏறி, தூக்கக் கலக்கத்தோடு சனி காலை ஒரு மணி நேரம் ஓடி, திரும்ப ஒரு இரவு பஸ். இதை வருஷத்தில் ஐம்பது தரம் செய்கிற ஆளை நான் இன்னும் காணவில்லை. நாலாவது கிழமை ஒரு சாமத்தியச் சடங்கு வரும், ஆறாவது கிழமை நெல் வெட்டு. அதோடு, அந்த ஒரு மணி நேரத்தில் குதிரை சேணம் கட்டித் தயாராக நிற்கும். ஏறி, ஓடி, இறங்கிக் கயிற்றைக் கொடுத்துவிட்டு வருவீர்கள். குளம்பைத் தூக்கிப் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

எனக்குப் பிடித்தது நாலாவது வழி. போய் இருந்து பழகுவது. ஒரு போக வேலை முடிந்து அடுத்தது தொடங்க முன் கிடைக்கிற இடைவெளியில், இரண்டு கிழமைக்கு லாயம் ஒன்றில் தங்குவது. நாளுக்கு இரண்டு தரம் ஏறுவது, மிச்ச நேரம் லாயக்காரர்களோடு வேலை செய்வது. இரண்டு கிழமையில் இருபத்தைந்து மணி நேரம் சேணத்தில் கிடைக்கும், அதைப்போல மூன்று மடங்கு நிலத்தில் கிடைக்கும். நாலு மாதம் விட்டு மறுபடி. வருஷத்துக்கு மூன்று தரம். காசு என்று பார்த்தால் வாரம் வாரம் பஸ்ஸுக்குக் கொடுப்பதோடு கிட்டத்தட்டச் சமனாக வரும், உடம்பு மட்டும் கதறும். முதல் மூன்று நாள் உள்தொடை உரிந்து, கக்கூசுக்கு இருக்கவே முடியாது. அதற்கும் முதலே பழகிக்கொள்வது நல்லது.

இந்த வழியில் ஒரு நிபந்தனை: ஒரே குதிரையைக் கேட்டு வாங்காதீர்கள். எத்தனை மணி நேரம் ஓடினாய் என்பதைவிட எத்தனை குதிரை ஓடினாய் என்றுதான் நான் கேட்பேன். ஒரே குதிரையில் நூறு மணி நேரம் ஓடியவருக்கு அந்தக் குதிரையைத் தெரியும். எட்டுக் குதிரையில் எழுபது மணி நேரம் ஓடியவருக்கு, சோம்பேறியும் தெரியும், வெருண்டதும் தெரியும், சேணம் கட்டும்போது வயிற்றை ஊதி வைத்துப் பட்டியைத் தளர விடுகிற கள்ளனும் தெரியும்.

ஐந்தாவது வழி ஒன்றும் இருக்கிறது, மற்றவர் குதிரையைப் பாதிச் செலவுக்குப் பங்கு எடுத்துப் பார்ப்பது. வேறு ஊரில் என்றால் இதையே முதலில் சொல்வேன். வன்னியில் பங்கு எடுக்கக் குதிரைக்கு எங்கே போவது? குதிரைக் கொம்பு மட்டுமல்ல, இங்கே குதிரையே கொம்புதான்.

இப்போது நான் ஏன் நிலத்து அனுபவம், நிலத்து அனுபவம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

லாயத்தில் ஓர் இரவு, மணி இரண்டு இருக்கும். கடைசிக் கொட்டிலில் இருந்த பெட்டைக் குதிரை தன் வயிற்றுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. முன்காலால் நிலத்தைக் கீறியது. மேலுதட்டைச் சுருட்டியது. நான் பசி என்று நினைத்து ஒரு கை புல்லைப் போட்டேன். மூத்த வேலைக்காரர், பாகிஸ்தான் ஆள், ஓடிவந்து புல்லைப் பறித்தார், என் கன்னத்திலும் ஒன்று வைத்தார். அப்புறம் விலாவில் காதை வைத்துக் கேட்கச் சொன்னார். நல்ல குதிரையின் குடல் தூரத்து இடிபோல இடைக்கிடை உருளும். அன்று ஒரு சத்தமும் இல்லை. உதட்டைத் தூக்கிப் பல்முரசைப் பெருவிரலால் அமுக்கி விட்டார். இரண்டு விநாடிக்குள் திரும்ப வேண்டிய சிவப்பு நாலைந்து விநாடி எடுத்தது. தாடைக்குக் கீழே நாடி, நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல். ஓய்வில் இருக்கிற குதிரைக்கு 28இலிருந்து 44க்குள் இருக்க வேண்டும். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது ஒரே வழியாகத்தான் வெளியேற வேண்டும். அடைத்துக்கொண்டால் உயிருக்கே முடிவு. வைத்தியர் நாற்பது நிமிடத்தில் வந்தார், அது பிழைத்தது.

அந்த நாற்பது நிமிடத்தை வன்னியில் வைத்து யோசியுங்கள். இங்குள்ள மிருக வைத்தியர்கள் மாட்டிலும் ஆட்டிலும் கைதேர்ந்தவர்கள். குதிரை அவர்கள் கைக்கு அடிக்கடி வருவதில்லை. போனில் நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதை வைத்துத்தான் அவர் மருந்தை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். “குதிரைக்குச் சுகமில்லை ஐயா” என்று சொல்கிறவருக்கும், “நாடி அறுபது, பின்னேரத்திலிருந்து லத்தி போடவில்லை, குடல் சத்தம் இல்லை” என்று சொல்கிறவருக்கும் இடையில் ஒரு குதிரையின் உயிர் நிற்கிறது. கொழும்பில் லாயத்தில் விட்டு வளர்ப்பவருக்கு இது தெரியாவிட்டாலும் பக்கத்தில் யாருக்காவது தெரியும். இங்கே நீங்கள் மட்டும்தான்.

தீனியும் அப்படித்தான். மாடு வளர்த்தவருக்குக் குதிரைத் தீனி தெரியும் என்ற நம்பிக்கைதான் நம்மூரில் பெரிய பொறி. மாட்டுக்கு நாலு அறை கொண்ட இரைப்பை, அசைபோடும். குதிரைக்கு ஒரே ஒரு சின்ன இரைப்பை, அதனால் நாளில் பெரும்பகுதி கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். 400 கிலோ குதிரைக்கு நாளுக்கு உலர்ந்த கணக்கில் எட்டுக் கிலோ புல் வேண்டும். வெட்டிய பச்சைக் கோ-3 தீவனப் புல்லாகப் போட்டால் நாற்பது கிலோ. நெல் வைக்கோலையே நம்பி, தண்ணீரையும் குறைத்தால், நான் மேலே சொன்ன இரவு உங்கள் வளவுக்கும் வரும். ஆவணி வெயிலில் நாளுக்கு ஐம்பது லீற்றர் தண்ணீர் குடிக்கும், கிணறு அடியில் கிடந்தாலும் கொடுத்தே ஆக வேண்டும்.

தவிடு இன்னும் மோசம். மில்லில் மலிவு, குதிரையும் ஆசையாகத் தின்னும், உடம்பும் மினுங்கும். ஆனால் அரிசித் தவிட்டில் பொசுபரசு மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. அதோடு கோ-3, கினிப்புல் போன்றவற்றில் இருக்கிற ஒக்சலேற்று, இருக்கிற கல்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பு தேவையான கல்சியத்தை எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கும். சில மாதத்தில் முகத்து எலும்பு வீங்கும், நடை நொண்டும். இபில் இபில் குழை ஆட்டுக்கு அருமை. குதிரைக்குத் தொடர்ந்து போட்டால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும். கோழித்தீனி மூடையைக் குதிரை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அதில் சேர்க்கப்படக்கூடிய மொனன்சின் என்ற மருந்து கோழிக்கு ஒன்றும் செய்யாது, குதிரையின் இதயத்தைக் கொல்லும். எழுநூறு வருஷத்துக்கு முன் எதிர்க்கரைப் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோவும் இதைத்தான் எழுதிவைத்தார்: கப்பல் கப்பலாக வரும் குதிரைக்குச் சோற்றோடு இறைச்சியைச் சேர்த்து அவித்துக் கொடுக்கிறார்கள், பராமரிக்கத் தெரியாமல் வருஷா வருஷம் சாகிறது, மறுபடி வாங்குகிறார்கள் என்று. பாண்டியனிடம் காசு இருந்தது.

குளம்பை ஆறிலிருந்து எட்டுக் கிழமைக்கு ஒரு தரம் சீவ வேண்டும். மாட்டுக்கு லாடம் அடிக்கிற ஆட்களே வண்டியோடு குறைந்துபோன ஊரில், குதிரைக்குச் சீவ யார் வருவார்? தெரிந்த ஒருவரை தூரத்திலிருந்து அழைக்கலாம். ஆனால் இரண்டு வருகைக்கு நடுவில் அரத்தால் ஓரம் தட்டவும், மாரியில் சேற்றில் நின்று அழுகும் அடிக்குளம்பை மணத்தை வைத்தே கண்டுபிடிக்கவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு முட்கம்பி. வன்னியில் வேலி என்றால் முட்கம்பிதான். மாடு கம்பியில் சிக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். குதிரை சிக்கினால் வெருண்டு இழுக்கும், எலும்பு தெரியும்வரை கிழியும். குதிரை வாங்குகிற செலவில் வேலி மாற்றுகிற செலவையும் போடாதவர் கணக்கே போடவில்லை.

ஆகவே எனக்கு மணி நேரம் இரண்டாம் பட்சம். ஒருவர் தயாரா என்று பார்க்க நான் சில வேலை கொடுப்பேன். திறந்த வெளியில் நிற்கிற குதிரையை வாளி காட்டாமல் பிடித்து வரட்டும். நாலு காலையும் தூக்கித் துடைக்கட்டும். தானே சேணம் கட்டட்டும். யாரும் சொல்லாமல் நடை, துள்ளோட்டம், பாய்ச்சல், இரண்டு பக்கத்துக்கும், கேட்ட இடத்தில் நிறுத்தம். அப்புறம் வட்டத்தை விட்டு வெளியே, நாய் குரைக்கிற ஒழுங்கையால் ஒரு சுற்று. விழுந்து எழும்பி மறுபடி ஏறியிருக்கவும் வேண்டும். விழாதவர் இன்னும் ஓடவில்லை என்றுதான் அர்த்தம். ஹெல்மெட் இல்லாமல் இதில் ஒன்றும் கிடையாது. எழுபது எண்பது மணி நேரத்தில் சிலர் இங்கே வருவார்கள், சிலருக்கு இருநூறு ஆகும்.

வாங்கப் போகும்போது இன்னும் இரண்டு விஷயம். விற்கிறவரை முதலில் ஏறி ஓடச் சொல்லுங்கள். அவர் ஏற மாட்டார் என்றால் நீங்களும் ஏறாதீர்கள். அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு நாள் அதிகாலையில் போங்கள். நோவு குறைக்கிற மருந்து கொடுத்து நொண்டலை மறைத்திருந்தால், முன்கூட்டியே ஓடவிட்டுக் களைக்க வைத்திருந்தால், அன்று தெரியும். எடையையும் பாருங்கள். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. எழுபது கிலோ ஆள், பத்துக் கிலோ சேணம் என்றால் 400 கிலோவுக்குக் குறைந்த குதிரை வேண்டாம். மலிவு என்று மட்டக்குதிரை வாங்கி வளர்ந்த ஆள் ஏறினால் அது பாவம்.

மருமகன் முதலில் என்னோடு கோபித்துக்கொண்டான். பொங்கலுக்கும் வரவில்லை. பிறகு சிறுபோக அறுவடை முடிய, தானாகவே ஒரு லாயத்தில் பேசி, இரண்டு கிழமை போய் இருந்துவிட்டு வந்தான். திரும்பி வந்தவன் குதிரையின் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அங்கே ஒரு கிழட்டு ஆண்குதிரை தினமும் காலையில் தன் காலை மிதித்ததையும், ஐந்தாம் நாள்தான் தான் நிற்கிற இடம் பிழை என்று தெரிந்ததையும் அரை மணி நேரம் சொன்னான். இரண்டாம் தரம் மாசியில் போகிறான். இதற்கிடையில் மேட்டுநிலத்து முட்கம்பியைக் கழற்றி மரச்சட்டம் அடிக்கத் தொடங்கியிருக்கிறான். குதிரை தனியே நிற்காது, துணை வேண்டும் என்று கேள்விப்பட்டு இரண்டு ஆடும் வாங்கிவிட்டான். போன கிழமை போனில் கேட்டான்:

“மாமா, ஆடு ரெண்டும் புதுச் சட்டத்தைத் தாண்டுதுகள். குதிரைக்கு இந்த உயரம் காணுமோ?”

நாலரை அடியாவது வேண்டும் என்று சொன்னேன். கழற்றி மறுபடி அடிக்கிறான்.